லே வரை போகும் வண்டிக்கு எந்தப் பெட்ரோல்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். வண்டி ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450 பைக், இதுவரை 7,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஜூன் மாதம் கோயம்புத்தூரிலிருந்து லடாக்கில் இருக்கும் லே வரை, மனைவியைப் பின்னால் உட்காரவைத்து, இரண்டு பக்கமும் பெட்டி கட்டிக்கொண்டு போகிறீர்கள். "மலைக்குப் போற வண்டிக்கு 100 ஆக்டேன்தான் போடணும், இன்ஜினுக்கும் நல்லது, மைலேஜும் ஏறும்" என்று நண்பர்கள் சொல்கிறார்கள். பங்க்கில் பெட்ரோல் பிடிப்பவரும் அதையே சொல்கிறார். எத்தனால் கலந்த பெட்ரோலால் இன்ஜின் கெட்டுவிடுமோ என்ற பயமும் இருக்கிறது. வழியில் பிரீமியம் கிடைக்காவிட்டால் இரண்டையும் கலந்து ஊற்றலாமா என்பது கடைசிக் கேள்வி.

பார்த்தால் ஒரே கேள்வி மாதிரி தெரிகிறது, உள்ளே மூன்று இருக்கின்றன. 'பிரீமியம்' என்று பங்க்கில் எழுதியிருக்கும் ஒரே சொல்லுக்குள் ஆக்டேன் எண் ஒன்று, இன்ஜினைச் சுத்தம் செய்யச் சேர்க்கும் மருந்து ஒன்று, எத்தனால் இருக்கிறதா இல்லையா என்பது ஒன்று. மூன்றும் தனித்தனி விஷயங்கள், ஒவ்வொன்றுக்கும் பதில் வேறு. இதைப் பிரிக்காமல் பேசுவதால்தான் ஒருவர் "பிரீமியம் போட்டதும் வண்டி பறக்குது" என்கிறார், இன்னொருவர் "காசு தண்டம்" என்கிறார். நான் ஆட்டோமொபைல் டிப்ளமோ படித்துவிட்டு 22 வருடமாகக் கோவையில் பைக் வேலை பார்க்கிறேன். எரிபொருள் வேதியியல் எனக்குத் தொழில் இல்லை, என்னிடம் ஆய்வுக்கூடமும் கிடையாது. பிரித்துப் போட்ட இன்ஜின்களையும் ஏறிய மலைகளையும் வைத்துத்தான் பேசுகிறேன்.

ஆக்டேனிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் இன்ஜின் உண்மையில் கேட்பது இதை மட்டும்தான். சிலிண்டருக்குள் காற்றும் பெட்ரோலும் சேர்ந்த கலவையை பிஸ்டன் அழுத்துகிறது. ஸ்பார்க் பிளக் பொறி வைத்ததும் நெருப்பு ஒரு பக்கத்திலிருந்து வரிசையாகப் பரவ வேண்டும். அது வந்து சேர்வதற்குள் மூலையில் மிச்சமிருக்கும் கலவை சூட்டிலும் அழுத்தத்திலும் தானாகவே பற்றிக்கொண்டால், உள்ளே சுத்தியலால் அடித்த மாதிரி ஓர் அதிர்ச்சி. இதைத்தான் நாக்கிங் என்கிறோம். அப்படித் தானாகப் பற்றாமல் ஒரு பெட்ரோல் எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்பதைத்தான் ஆக்டேன் எண் சொல்கிறது. ஐசோ ஆக்டேன் என்ற பொருளுக்கு 100, நார்மல் ஹெப்டேனுக்கு 0 என்று வைத்து, அவற்றோடு ஒப்பிட்டு அளக்கிறார்கள். லிட்டருக்கு எவ்வளவு சக்தி இருக்கிறது என்பதற்கும் இந்த எண்ணுக்கும் சம்பந்தம் இல்லை. 100 ஆக்டேன் என்றால் 91-ஐவிடப் பத்து சதவீதம் பலம் அதிகம் என்று நினைப்பவர்களை வாரம் ஒருவராவது பார்க்கிறேன். அந்த எண்ணுக்கு அப்படி அர்த்தமே கிடையாது.

எந்த இன்ஜினுக்கு எவ்வளவு ஆக்டேன் வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதில் முதல் இடம் கம்ப்ரெஷன் விகிதத்துக்கு, அதாவது பிஸ்டன் கலவையை எத்தனை மடங்கு அழுத்திச் சுருக்குகிறது என்பதற்கு. பழைய ஹிமாலயன் 411-ல் அது 9.5:1. காற்றால் குளிரும், நிதானமாக ஓடும் இன்ஜின் அது. உங்கள் 450-ல் 11.5:1. இதைப் பார்த்துத்தான் "ஹை கம்ப்ரெஷன், ஹை ஆக்டேன் வேணும்" என்ற பேச்சு கிளம்புகிறது. ஆனால் உங்கள் இன்ஜினில் கூலன்ட் ஓடுகிறது, நான்கு வால்வு தலை, ஃபியூயல் இன்ஜெக்‌ஷன். இவையெல்லாம் சேர்ந்து, அந்த அழுத்தத்திலும் நாக்கிங் வராமல் பார்த்துக்கொள்கின்றன. தயாரித்தவர்கள் இந்தக் கணக்கையெல்லாம் போட்டுத்தான் கையேட்டில் குறைந்தபட்ச எண்ணை அச்சடிக்கிறார்கள். வண்டிக் கையேட்டில் எரிபொருள் பக்கத்தைத் திறந்து அந்த எண்ணைப் பாருங்கள். அதுதான் அடித்தளம், அதற்குக் கீழே போகக்கூடாது. அதற்கு மேலே போனால் இன்ஜின் நன்றி சொல்லாது, ஏனென்றால் அதற்குத் தெரியவே தெரியாது. நாக்கிங் வராத இடத்தில் இன்னும் அதிகமாக வராமல் இருக்க முடியாதல்லவா?

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. நாக் சென்சார் உள்ள இன்ஜின்கள் சத்தத்தை உணர்ந்து பொறி வைக்கும் நேரத்தைத் தாமே முன்னும் பின்னும் நகர்த்திக்கொள்ளும். பிஎம்டபிள்யூ ஆர் 1250 ஜிஎஸ் அப்படிப்பட்ட வண்டி. கம்ப்ரெஷன் 12.5:1, கேட்பது 95. அதில் 91 ஊற்றினால் இன்ஜின் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள பொறியைத் தாமதப்படுத்தும், இழுவை குறையும். திரும்ப 95 ஊற்றினால் இழுவை திரும்பி வரும். அந்த வண்டி வைத்திருப்பவர் "பிரீமியத்தில் வித்தியாசம் தெரியுது" என்றால் அவர் சொல்வது உண்மைதான். அவருடைய அனுபவம் உங்கள் வண்டிக்குப் பொருந்தும் என்பதுதான் தப்பு.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன். அமெரிக்கர்கள் போடும் வீடியோக்களில் "என் டூரிங் பைக்குக்கு 91 பிரீமியம்தான்" என்பார்கள். அதைக் கேட்டுவிட்டு, நம் ஊர் சாதாரணப் பெட்ரோலே 91 ஆயிற்றே என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். அங்கே எழுதும் எண் வேறு அளவுகோல். ஆக்டேனை அளக்க இரண்டு முறை உண்டு, ஆராய்ச்சி முறை எண்ணையும் மோட்டார் முறை எண்ணையும் கூட்டி இரண்டால் வகுத்ததை அங்கே பம்ப்பில் ஒட்டுகிறார்கள். நம் நாட்டிலும் ஐரோப்பாவிலும் ஆராய்ச்சி முறை எண்ணை மட்டும், அதாவது ஆர்ஓஎன்-ஐ, சொல்கிறோம். அவர்களுடைய 87 நம்முடைய 91-க்கும், அவர்களுடைய 91 நம்முடைய 95-க்கும் ஏறத்தாழச் சமம்.

நம் பங்க்குகளில் இப்போது என்ன கிடைக்கிறது என்று பார்ப்போம். பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வரும் சாதாரணப் பெட்ரோலுக்கு விதிக்கப்பட்ட குறைந்தபட்ச ஆக்டேன் 91. அதற்குப் பிறகு 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 நாடு முழுக்க வந்துவிட்டது. எத்தனாலின் ஆக்டேன் 108-க்கும் மேல். அதைக் கலந்ததும் மொத்தத்தின் எண் ஏறுகிறது. இ20-ன் ஆக்டேன் 95 வரை இருக்கும் என்று பெட்ரோலிய அமைச்சகம் 2025 ஆகஸ்டில் சொன்னது. அப்படியென்றால், 'சாதாரணம்' என்று நீங்கள் ஊற்றுவதே சில வருடம் முன்பு பிரீமியம் என்று விற்ற ஆக்டேனை நெருங்கிவிட்டது. இந்தியன் ஆயிலின் எக்ஸ்பி 95 மாதிரி பிரீமியம் வகைக்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசுக்கு (2025-ல் எட்டு, ஒன்பது ரூபாய்) ஆக்டேன் வகையில் இன்று கிடைப்பது முன்னைவிடக் குறைவு. 450-க்கு ஆக்டேன் பற்றாக்குறை வரும் என்று நான் பயப்படாததற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

இனி மலை. உங்கள் நண்பர்கள் சொன்னது நேர் தலைகீழ். உயரம் ஏற ஏறக் காற்று அடர்த்தி குறைகிறது. லேவுக்குப் பக்கத்திலுள்ள கர்துங் லா கணவாய் 5,359 மீட்டர், அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் பாதியைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். சிலிண்டருக்குள் போகும் காற்றே பாதி என்றால் உள்ளே எழும் அழுத்தமும் குறைவு, நாக்கிங் வரும் வாய்ப்பும் குறைவு. அமெரிக்காவில் ராக்கி மலைப் பகுதி மாநிலங்களில் சமவெளியைவிடக் குறைந்த ஆக்டேன் பெட்ரோலைச் சாதாரணம் என்று விற்கும் வழக்கம் இதனால்தான் வந்தது. அது கார்புரேட்டர் காலத்துப் பழக்கம், இன்றைய இன்ஜின்களுக்கு அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது என்று சிலர் வாதிடுகிறார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. ஆனாலும் உயரத்துக்கு அதிக ஆக்டேன் வேண்டும் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை.

லடாக் போய்வந்தவர்கள் பலர் "அங்க பெட்ரோல்ல கலப்படம், வண்டி இழுக்கவே இல்ல" என்று சொல்வார்கள். 40 குதிரைத்திறன் வண்டி அங்கே இருபதுக்குக் கொஞ்சம் மேலே தருவது காற்றின் குறை. இன்ஜெக்‌ஷன் இருப்பதால் கலவையின் விகிதம் சரியாக இருக்கும், கார்புரேட்டர் வண்டி மாதிரி கறும்புகை கக்காது. இல்லாத காற்றை இன்ஜெக்‌ஷனாலும் கொண்டுவர முடியாது, 100 ஆக்டேனாலும் முடியாது. இது தெரியாமல் ஏறிப்போய், கணவாயில் வண்டி திணறும்போது பயந்து கண்ட கண்ட பாட்டிலை டேங்க்கில் ஊற்றியவர்களை எனக்குத் தெரியும். நீங்கள் அதைச் செய்ய வேண்டாம்.

நாக்கிங் வர வாய்ப்புள்ள இடம் உங்கள் பயணத்தில் எது தெரியுமா? நாக்பூரும் ஜான்சியும். ஜூன் முதல் வாரத்தில், மழை இறங்குவதற்கு முன், அங்கே வெயில் 45 டிகிரியைத் தொடும். உள்ளே போகும் காற்றே கொதிக்கும், வண்டியில் இரண்டு பேர், இரண்டு பெட்டி. லாரியை முந்த ஆறாவது கியரிலேயே த்ராட்டிலை முழுசாகத் திருகினால் இன்ஜின் அடிக்கும். ஆக்டேனுக்காகக் கூடுதல் காசு செலவழித்தே தீருவேன் என்றால் பெங்களூரைத் தாண்டி டெல்லி வரைக்கும் 95 வகையை ஊற்றுங்கள், மணாலிக்கு மேலே சாதாரணம் ஊற்றுங்கள். எல்லோரும் செய்வதற்கு நேர் எதிர் இது.

அதைவிட நல்ல மருந்து காசில்லாமலே கிடைக்கிறது: ஒரு கியர் இறக்குவது. உங்கள் இன்ஜினின் உச்ச டார்க், அதாவது முறுக்கு விசை, 5,500 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு அத்தனை சுற்று) கிடைக்கிறது. 350 சிசி புல்லட் ஓட்டிப் பழகிய கை என்றால் 2,500-லேயே மேல் கியர் போட்டுத் தள்ளத் தோன்றும். சுமையோடு அப்படி ஓட்டுவதுதான் இந்த இன்ஜினுக்குக் கொடுமை. ஏற்றத்தில் 4,500-க்கு மேலே சுற்ற விடுங்கள், அது அதற்காகவே கட்டப்பட்டது.

நாக்கிங் சத்தம் எப்படி இருக்கும் என்று பலருக்குத் தெரிவதில்லை. தகர டப்பாவில் சில்லறைக் காசைப் போட்டுக் குலுக்கிய மாதிரி இருக்கும். த்ராட்டிலைத் திருகி இன்ஜின் சுமை இழுக்கும்போது மட்டும் வரும், த்ராட்டிலை விட்டதும் நிற்கும். வால்வைத் தள்ளும் பாகமான டேப்பெட்டின் சத்தம் அப்படியில்லை, வண்டி நின்றபடி ஐட்லிங்கில் ஓடும்போதும் டிக் டிக் என்று கேட்டுக்கொண்டே இருக்கும். டேப்பெட் சத்தத்துக்கு 100 ஆக்டேன் ஊற்றிக்கொண்டு வருகிறவர்கள் நிறைய பேர்.

சரியான பெட்ரோல் ஊற்றியும் நாக்கிங் வந்தால் அது நோயின் அறிகுறி. சில வருடம் முன்பு ஒரு தம்பி 400 சிசி வகை வண்டியைக் கொண்டுவந்தார். ஆறு மாதமாக 100 ஆக்டேன் மட்டும் ஊற்றுகிறாராம், சாதாரணம் ஊற்றினால் வால்பாறை ஏற்றத்தில் அடிக்கிறதாம். பிரித்துப் பார்த்தால் த்ராட்டில் பாடிக்கும் இன்ஜினுக்கும் நடுவிலிருக்கும் ரப்பரில் விரிசல். அதன் வழியே கணக்கில் வராத காற்று உள்ளே போய், கலவையில் பெட்ரோல் குறைந்து, சிலிண்டர் சூடேறியிருக்கிறது. சில நூறு ரூபாய் ரப்பர். அதை மாற்றியதும் சாதாரணப் பெட்ரோலிலேயே சத்தமில்லாமல் மலை ஏறியது. விலை உயர்ந்த பெட்ரோல் அந்த ஆறு மாதமும் நோயை மறைத்து வைத்திருந்தது, பிஸ்டனுக்கு ஆபத்து வளர்ந்துகொண்டே இருந்தது. அதைப் பார்த்ததிலிருந்து, நாக்கிங்குக்கு ஆக்டேனை ஏற்றுங்கள் என்று யாருக்கும் முதல் பதிலாக நான் சொல்வதில்லை.

இரண்டாவது விஷயம், சுத்தம் செய்யும் மருந்து. இதில் நான் பிரீமியத்தின் பக்கம் கொஞ்சம் சாய்கிறேன். இன்ஜெக்டர் முனையிலும் இன்டேக் வால்வின் முதுகிலும் படியும் பிசுக்கை டிடர்ஜென்ட் என்ற இந்த மருந்து குறைக்கும் என்பது நன்றாகவே நிரூபணமான விஷயம். அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ஏஏஏ 2016-ல் சோதித்தபோது, நல்ல டிடர்ஜென்ட் தரச்சான்று இல்லாத பெட்ரோல், சான்று உள்ளதைவிடச் சராசரியாக 19 மடங்கு படிவை விட்டது. அதே வருடம் அதே சங்கம், சாதாரணம் கேட்கும் கார்களில் பிரீமியம் ஊற்றினால் பலம், மைலேஜ், புகை எதிலும் குறிப்பிடத்தக்க பலன் இல்லை என்றும் கண்டது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் தெளிவு கிடைக்கும். பலன் தருவது மருந்து, ஆக்டேன் எண் அல்ல. அவை கார்களில், அங்குள்ள பெட்ரோலில் நடந்த சோதனைகள். நம் பைக்கில் அதே மடங்கு வரும் என்று நான் சொல்லமாட்டேன். மருந்து மெதுவாகத்தான் வேலை செய்யும், ஒரு டேங்க்கில் எதுவும் மாறாது. 7,000 கிலோமீட்டர் ஓடிய உங்கள் இன்ஜினில் கழுவுவதற்கே பெரிதாக ஒன்றும் இருக்காது. 40,000 தாண்டிய வண்டிக்கு நான்கைந்து டேங்க்குக்கு ஒருமுறை 95 வகை ஊற்றுங்கள் என்று நானே சொல்வதுண்டு. அது என் தொழில் பழக்கம்தான், அளந்து நிரூபித்தது இல்லை.

மூன்றாவது எத்தனால். 2023 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான வண்டிகள் இ20 தாங்கும் ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களோடுதான் வருகின்றன. உங்கள் 450 அந்த வருடம் நவம்பரில்தான் அறிமுகமே ஆனது. ஆகவே பாகங்கள் அரிக்கும் என்ற பயம் உங்களுக்கு வேண்டாம். 2018 மாடல் 411 வைத்திருப்பவர் கேட்டிருந்தால் ஃபியூயல் ஹோஸையும் ஓ-ரிங்கையும் தொட்டுப் பார்க்கச் சொல்லியிருப்பேன். மைலேஜ் குறைவது உண்மை. ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலில் இருக்கும் சக்தியில் மூன்றில் இரண்டு பங்குதான் இருக்கிறது, அதனால் எத்தனாலே இல்லாத பெட்ரோலோடு ஒப்பிட்டால் இ20-ல் ஆறேழு சதவீதம் சக்தி குறைவு. 95 வகைகளிலும் எத்தனால் இருக்கிறது, அவற்றுக்கு மாறுவதால் இதிலிருந்து தப்ப முடியாது. எக்ஸ்பி 100-ல் எத்தனால் கலப்பதில்லை என்று இந்தியன் ஆயில் சொல்கிறது. 100 ஆக்டேன் ஊற்றி மைலேஜ் கூடியது என்பவர்கள் பொய் சொல்லவில்லை, கூடியதற்குக் காரணம் எத்தனால் இல்லாதது.

அந்த ஆறேழு சதவீதத்துக்கு என்ன விலை? 2025 விலையில் சாதாரணம் 101 ரூபாய் அளவில், 100 ஆக்டேன் 160-ஐ ஒட்டி. போக வர, அங்கே சுற்ற எல்லாம் சேர்த்து 8,000 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 28 என்றால் 286 லிட்டர். 95 வகைக்குக் கூடுதல் செலவு கிட்டத்தட்ட 2,300 ரூபாய். 100 ஆக்டேனுக்குக் கிட்டத்தட்ட 17,000. அந்தக் காசு மைலேஜிலேயே திரும்ப வேண்டுமானால் வண்டி லிட்டருக்கு 44-க்கும் மேலே கொடுக்க வேண்டும். கொடுக்காது. அந்த 17,000-ல் கிளம்பும் முன் நல்ல டயர் போடுங்கள், செயினையும் ஸ்ப்ராக்கெட்டையும் மாற்றுங்கள், பிரேக் பேடு ஒரு ஜோடி பையில் வையுங்கள். மணாலி-லே சாலையில் ஜிங்ஜிங் பாருக்கும் சர்ச்சுவுக்கும் நடுவில் உங்களைக் காப்பாற்றப்போவது இவைதான்.

கலந்து ஊற்றுவது பற்றி: தாராளமாகக் கலக்கலாம். 91-ம் 95-ம் பாதிப்பாதி ஊற்றினால் நடுவில் ஒரு எண் வரும், இன்ஜினுக்கு எந்தத் தீங்கும் இல்லை. மேலே போகப் போகப் பெட்ரோலின் தரத்தைவிட அது கிடைக்கிறதா என்பதுதான் பெரிய கேள்வி. கேலாங்குக்கு முன்னால் டாண்டி பங்க்கில், அடுத்த பங்க் 365 கிலோமீட்டர் தள்ளி என்று சொல்லும் பலகை பல வருடமாகப் பிரபலம். உங்கள் டேங்க் 17 லிட்டர், சுமையோடு ஏற்றத்தில் லிட்டருக்கு 24 கிடைத்தாலும் 400 கிலோமீட்டர் போகும். கணக்குக்குச் சரிதான், ஆனால் வழி அடைத்துத் திரும்ப வேண்டி வந்தால் போதாது. ஐந்து லிட்டர் கூட எடுத்துக்கொள்ளுங்கள். வழியில் கூட்டம் அதிகமுள்ள பங்க்காகப் பார்த்து நிறுத்துங்கள், அங்கேதான் பூமிக்கடியில் உள்ள டேங்க் சீக்கிரம் காலியாகிப் புதுப் பெட்ரோல் வரும். சின்ன ஊர் பங்க்கில் யாரும் வாங்காமல் கிடக்கும் பிரீமியத்தைவிட, காரும் பைக்கும் வரிசையில் நிற்கும் பங்க்கின் சாதாரணத்தை நான் நம்புவேன். பழைய பெட்ரோலில் தண்ணீர் சேரும் சங்கதியும் உண்டு, அது எத்தனாலோடு சேர்ந்தது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து டேங்க்கின் அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும். ஓடுகிற வண்டியில் இதற்கு நேரமே கிடைக்காது. திரும்பி வந்து, மழைக்காலம் முழுக்க இரண்டு மூன்று மாதம் வண்டியை நிறுத்தப் போகிறீர்கள் என்றால் கடைசி டேங்க்கை எத்தனால் இல்லாத 100 ஆக்டேனால் நிரப்பி வைப்பது நல்ல யோசனை. அந்த விலைக்கு நியாயமான உபயோகம் எனக்குத் தெரிந்து அதுதான்.

இவ்வளவும் உங்கள் வண்டி நல்ல நிலையில் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு சொன்னது. அதை நான் காதால் கேட்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது. கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பு, பெட்டிகளில் நிஜமான சாமான்களை ஏற்றி, மனைவியையும் கூட்டிக்கொண்டு, சாதாரணப் பெட்ரோலில் ஆழியாறிலிருந்து வால்பாறை வரை அந்த நாற்பது வளைவுகளையும் மதிய வெயிலில் ஏறிப் பாருங்கள். காசு குலுங்கும் சத்தம் கேட்டால் எந்தக் கியர், எத்தனை ஆர்பிஎம், த்ராட்டில் எவ்வளவு திறந்திருந்தது, ஒரு கியர் இறக்கியதும் நின்றதா என்று குறித்துவந்து எழுதுங்கள். எங்கே கை வைக்க வேண்டும் என்று அதை வைத்துச் சொல்கிறேன்.